குடிற்பாசி

தமிழில் ‘பாசி’ என்னும் சொல் ஏற்றிருக்கும் சுமை மிகப் பெரிது. ஊர்க்கேணியின் நீரை மூடிக் கிடப்பது பாசி. கார்காலத்தில் மதிலின்மேற் படிந்து அதற்குப் பசுந்துகில் போர்த்துவதும் பாசி. குளத்தினடியிற் கொடியாய் நீண்டு மீன்களுக்கு ஒதுக்கிடமாவது வேலம்பாசி. கடலினின்று எடுத்துக் காய்ச்சி இனிப்பாக்கி உண்பது கடற்பாசி. செட்டிநாட்டார் கறிக்கு மணமூட்டத் தாளிதத்தில் இடுவது கற்பாசி. இவையேயன்றிப் பயற்றிற் பாசிப்பயறும், அணியிற் பாசிமணியும் உள. பசுமை என்னும் பண்பின் அடியாகப் பிறந்த சொல்லாதலின், பசியன எல்லாவற்றையும் அது தழுவிக்கொண்டது என்று அமைதி கூறலாம். ஆயின் கற்பாசியோ சாம்பரும் கருமையும் கலந்த நிறத்தது. அஃது எவ்வாறு இக்கூட்டத்துட் புகுந்ததென்பதை அடுக்களையில் உள்ளோரே அறிவர்.

தாவர நூலார் இக்கூட்டத்தை ஒரு நொடியிற் கலைத்துவிடுகின்றனர். கேணிநீரின்மேற் படர்வது வேரும் தண்டும் இலையும் வேறுபடாத ஆல்கா என்னும் வகுப்பைச் சார்ந்தது. கடற்பாசியும் அதற்கு உறவே. வேலம்பாசி பூக்கும் செடி. கற்பாசி, ஒரு பூஞ்சணமும் ஓர் ஆல்காவும் ஓருடலாய்க் கூடி வாழும் லைக்கன். எஞ்சிய மதிற்பாசி ஒன்றே ஆங்கிலத்தார் ‘மாஸ்’ என்று வழங்கும் இனத்தது. தண்டும் இலையும் உடையது, ஆனால் பூவாது. விதை இன்றி நுண்டுகளாற் பரவுவது. அவ்வினத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 12,000 வகைகள் உள என்பர். அவற்றுள் ஒன்றை அறிய முயன்ற வரலாறே யாம் ஈண்டு எழுதப் புகுவது.

தமிழ் பயிலும் எமக்குப் பாசியென்றவுடன் நினைவுக்கு வருவது குறுந்தொகையின் 399ஆம் பாட்டு. தலைவியின் மேனியிற் படரும் பசலைக்குப் பரணர் அதில் நீர்ப்பாசியை உவமை கூறினார். கை படும்பொழுது விலகுதலும், கையை எடுத்தவுடன் மீண்டு வந்து மூடுதலும் அப்பாசியின் இயல்பு. பசலையின் இயல்பும் அதுவே. புலவரின் கண் எத்துணைக் கூரியது என்பதற்கு வேறு சான்று வேண்டா. எனினும் அவர் நோக்கியது கேணியை. மலைச்சோலையின் நிலத்தில் மெத்தைபோற் கிடக்கும் பாசியை நோக்கிப் பாடிய பாட்டு ஒன்று எம் பாடப் பகுதிகளில் எமக்குக் கிடைத்திலது.

விவிலியம் பயின்றோர்க்கு வேறொன்று நினைவுக்கு வரலாம். சாலொமோன் அரசன் லீபனோனின் கேதுரு தொடங்கிச் சுவரில் முளைக்கும் ஈசோப்பு ஈறாக மரஞ்செடிகளைக் குறித்துப் பேசினான் என்று அரசர் ஆகமம் கூறுகின்றது. சுவீடன் நாட்டு லின்னேயசின் மாணாக்கராகிய ஹசல்குவிஸ்து என்பார் 1751ஆம் ஆண்டிற் பாலஸ்தீனம் சென்று, எருசலேமின் மதிலில் வளர்ந்த மிகச் சிறியதொரு பாசியைக் கண்டு, அரசன் குறித்த ஈசோப்பு இதுவே போலும் என எழுதிவைத்தார். மறு ஆண்டே அவர் சிமிர்னா நகரில் இறந்துபட, அவருடைய குறிப்புக்களை ஆசிரியர் லின்னேயசு 1757இல் அச்சேற்றினார். பிற்காலத்தார் பலர் அவர் கருத்தை ஏற்றிலர். ஈசோப்பு மருவினத்துச் செடி என்பதே அவர் துணிபு. அது நிற்க. வானளாவும் கேதுருவுக்கு எதிர்முனையில் வைத்தற்குரியது பாசியே என்று அவ்விளைஞருக்குத் தோன்றியதே, அதனை யாம் பெரிதும் மதிக்கின்றோம்.

இனி எம் பொருளுக்கு வருவோம். சென்ற கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு எம் விடுதியிற் குடில் அமைத்தனர். மாட்டுத் தொழுவும், களிமண் இடையரும், ஆடுகளும் வழக்கம்போல் வந்தன. நிலத்துக்குப் பச்சை வேண்டுமென்று சந்தைக்குச் சென்றவர்கள் இரண்டு சாக்கு நிறையப் பாசி வாங்கி வந்தனர். விரித்தபொழுது அது பாய்போற் சுருள் சுருளாகப் பிரிந்தது. பெத்லகேமின் வறண்ட குன்றுகளுக்கு அத்துணை ஈரப்பச்சை பொருந்துமோ என்று யாம் ஐயுற்றது உண்டு. ஆயினும் பார்வைக்கு மிக அழகாகவே இருந்தது. எங்கள் வீட்டில் அன்னையார் திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறளவில் தட்டிலே கேழ்வரகைத் தெளித்து முளைக்க வைப்பார். திருநாளுக்குள் அது விரலளவு வளர்ந்து குடிலுக்குப் புல்வெளியாகும். பின்னர் ஆட்டுக்கு உணவாகும். விடுதியில் அவ்வளவு நாள் முன்னதாக நினைப்பார் யாருமில்லை.

எம்முடன் உறையும் தாவரவியல் நண்பர் அப்பாசியின் ஓர் இழையை விரலாற் பிரித்து நெடுநேரம் நோக்கினார். பின் எம்மை நோக்கி, “நீர் தமிழ்ச் சிறப்பு வகுப்பினர் அன்றோ? இதற்குத் தமிழிற் பெயர் என்ன?” என்று வினவினார். “பாசி” என்றோம். “அது தெரியும். எந்தப் பாசி?” என்றார். அருகில் நின்று ஆட்டுக்குட்டிகளை நிரல்படுத்திக் கொண்டிருந்த மற்றொருவர், “பாசிதானே! இதற்குமா ஆராய்ச்சி?” என்று நகைத்தார்.

‘பாசிதானே’ என்னும் அச்சொல் எம் செவியை விட்டு அகலவில்லை. தோட்டத்திலிருந்து ஒரு சாக்கு மல்லிகைக் கொடியை வேரோடு பறித்துக் கொணர்ந்திருந்தால் அவ்வாறு யாரும் கூறியிரார். மல்லிகை என்னும் பெயர் அதனைக் காத்திருக்கும். பாசிக்கோ பொதுப்பெயர் உண்டேயன்றித் தன்பெயர் இல்லை. ஆகலின், எது குறைந்தது, எங்கே குறைந்தது என்று வினவுவார் இலர். அன்று மாலையே யாமும் நண்பரும் சந்தைக்குச் சென்று, பாசி விற்ற மூதாட்டியைக் கண்டு அதன் பெயரை வினவினோம். அவர் சிறிதும் தயங்காமல், “குடில் பாசி தம்பி. மலையிலேருந்து வருது. வேணும்னா நாளைக்கே இன்னும் ஒரு சாக்கு இறக்கித் தரேன்” என்றார். எந்த மலை என்றதற்குக் கொடைக்கானற் பக்கம் என்பதற்கு மேல் அவர் அறியார். பறிப்பவர் வேறு, இறக்குபவர் வேறு, விற்பவர் வேறு. அவர் மீது குறைகாண யாம் ஒருப்படோம். ஒரு திங்களின் பிழைப்பு அது.

மூவரசர் திருநாள் கழிந்தபின் குடில் கலைக்கப்பட்டது. பாசி முழுதும் விடுதிக்குப் பின்புறம் எறியப்பட்டு, வெயிலிற் காய்ந்து, மஞ்சட்பழுப்பு நிறங்கொண்டு கம்பிச்சுருள்போற் கிடந்தது. அதில் ஒரு கைப்பிடியை யாம் எடுத்துவந்து கிண்ணத்தில் நீர் வார்த்து அதில் இட்டோம். சில நிமிடங்களுக்குள் ஒடுங்கியிருந்த இலைகள் தண்டினின்றும் விலகி விரிந்தன, நிறம் திரும்பிற்று. பாசிக்கு நீரை உறிஞ்சும் வேர் இல்லை. பற்றிக்கொள்ளும் மெல்லிழைகளே உள. உடல் முழுவதுமே வாய். நீர் கிடைத்தபோது உண்ணும். கிடையாதபோது உயிரை அடக்கிக் காத்திருக்கும். தாவரச்சாலைகளிற் பாசியை மற்றைச் செடிகள்போல் அழுத்தி ஒட்டாமல், காகித உறையில் உலர்த்தி வைப்பதும் இதுபற்றியே. பல ஆண்டு கழிந்தும் நீரில் இட்டால் ஆராய்ச்சிக்கு வேண்டிய வடிவினை அது மீண்டும் பெற்றுவிடுகின்றது. உயிர் மீள்வது வேறு செய்தி.

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறு பூதக்கண்ணாடியே நண்பரிடம் இருந்த முதற்கருவி. அதனைப் பிடிக்கும் முறையை அவர் கற்பித்தார். கண்ணாடியைக் கண்ணருகே வைத்துக்கொண்டு பொருளையே அதன்பால் உயர்த்தல் வேண்டும். யாமோ எழுத்தைப் படிப்பார்போற் கண்ணாடியைப் பொருளின்மேல் வைப்பதே முறையெனக் கேள்விப்பட்டிருந்தோம். முதலில் தீர்க்கவேண்டியது, இது மெய்யான பாசிதானா என்பது. சோலைத்தரையிற் பாசிபோல் நடிப்பன பல. செலாஜினெல்லா என்னும் பூண்டு பாசியைப் போன்றே படர்வது. ஆயின் அதனுள் நீர்க்குழல் ஓடுகின்றது, வேரும் உண்டு. ஈரல்வடிவப் பூண்டுகளிற் சில இலையுடையன. அவற்றின் இலைக்கு நடுநரம்பு இல்லை, நுனியும் பெரும்பாலும் பிளவுபட்டிருக்கும். எம் கையில் இருந்ததன் இலைக்கோ நடுவே ஒற்றை நரம்பு தெளிவாக ஓடிற்று; நுனி பிளவுபடாமற் கூர்த்திருந்தது. எனவே மெய்ப்பாசி.

பாசிகளுள் நிமிர்ந்து குச்சிகுச்சியாய் வளர்வன ஒரு சார். தரையொட்டிப் படர்ந்து பக்கங்களிற் கிளைப்பன மற்றொரு சார். இது பிற்கூறியது. அதன் கிளைப்பே எம்மைப் பெரிதும் கவர்ந்தது. நடுத்தண்டினின்று இருபுறமும் ஒரே தளத்திற் கிளைகள் நிரலே பிரிகின்றன; அக்கிளைகளிலிருந்து மீண்டும் சிறுகிளைகள் அவ்வாறே பிரிகின்றன. நுனிக்குச் செல்லச் செல்லக் கிளை குறுகுதலால் முழுதும் ஒரு பறவையின் இறகு போலவும், விரல் நீளத்துப் பெரணியிலை போலவும் தோன்றும். உண்மையில் அருகில் நின்றார் பலர் அதனைப் பெரணியென்றே சாதித்தனர். பெரணி ஆயின் அவ்விறகு முழுதும் ஓரிலை. இதுவோ தண்டும் கிளையும் ஆயிரக்கணக்கான நுண்ணிலைகளும் கூடியது. கண்ணாடியிற் பார்த்தபின் ஐயத்துக்கு இடமில்லை.

பின்னர் ஆய்வுச்சாலையில் மைக்ராஸ்கோப்பின்கீழ் வைத்தோம். நண்பர் ஊசிமுனையால் தண்டிலை ஒன்றையும் கிளையிலை ஒன்றையும் உரித்தெடுத்துக் கண்ணாடித் தகட்டில் நீர்த்துளியில் மிதக்கவிட்டார். இரண்டும் ஒரே செடியின் இலைகள் என்று நம்புதல் அரிது. தண்டிலை பெரியது; அடியில் அகன்று முக்கோணமாய் நுனியில் நீண்டு ஒடுங்குவது. கிளையிலை அதனிற் பன்மடங்கு சிறியது; முட்டைவடிவினது. இலைத்தகடு ஒரே ஓர் உயிரணுவின் கனமே உடையது. ஒவ்வோர் உயிரணுவின் மேலும் சொரசொரப்பான சிறுமுகிழ் உண்டு. அவற்றினும் வியப்பானது தண்டு. இலைகளுக்கிடையே தண்டு வெறுமையாயிராமற் கிளைத்த பசிய நூலிழைகளால் அடர்ந்து மூடப்பட்டிருந்தது. நீர்த்துளி அவ்விழைகளுக்கிடையே புகுந்து தங்குதலை யாம் கண்ணாரக் கண்டோம். இறகுக்கிளைப்பு, இருவகையிலை, முகிழ்பெற்ற உயிரணு, தண்டின் இழைப்போர்வை ஆகிய இவை ஒருங்கு கூடியவுடன் நண்பர் ‘துயிடியம்’ என்று பேரினப் பெயரைக் கூறிவிட்டார்.

சிற்றினத்தைத் துணிதற்குத் தண்டிலையின் நுனியை 400 மடங்கு பெருக்கிப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்நுனி நிறமற்ற மயிரிழையாக நீண்டிருந்தது. அம்மயிரிழை, மணிகளைக் கோத்ததுபோல் ஒன்றன்பின் ஒன்றாக நின்ற உயிரணுக்களின் ஒற்றை வரிசை. அகராதிபோன்ற தடித்த நூலொன்றைப் புரட்டிய நண்பர், விரலை ஓரிடத்தில் ஊன்றி, ‘துயிடியம் சிம்பிஃபோலியம்’ என்று படித்தார். தாவரவியல் ஆசிரியரும் வந்து பார்த்து அதனை உறுதி செய்தார்.

பெயரின் பொருளை வினவாமல் எம்மால் இருக்கக் கூடவில்லை. துயிடியம் என்பது துயா என்னும் மரத்தின் பெயரடியாகப் பிறந்தது. அம்மரத்தின் தட்டையான கிளைத்தழை போன்ற சிற்றுருவினது என்பது கருத்து. சிம்பிஃபோலியம் என்றால் இலத்தீனத்தில் தோணி போன்ற இலையுடையது. இச்சிற்றினத்துக்கு அப்பெயரை வைத்தவர்கள் சாவகத்தீவின் பாசிகளைப் 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த தோசி, மொல்கன்போயர் என்னும் ஒல்லாந்தர் இருவர். எனவே ஒல்லாந்தர் சாவகத்துப் பாசிக்கு இலத்தீனத்தில் இரண்டு உவமைகளை அடுக்கிப் பெயரிட்டனர். அதுவே எம் குடிலில் இடையர்களின் காலடியிற் கிடந்தது. இலத்தீனப் பெயர் என்றால் ஏதோ மறைபொருள் போலும் என்று எண்ணியிருந்த எமக்கு, அதுவும் உவமத்தொகையே என்று அறிந்தது பெருமகிழ்ச்சி. நண்பருக்கோ எமது மகிழ்ச்சியின் காரணம் விளங்கவில்லை.

ஆனால் அப்பெயர் உருவத்தைக் கூறுகின்றதேயன்றி இடத்தைக் கூறவில்லை. இடத்தைக் கூறியவை சாக்கின் அடியிற் கிடந்த குப்பைகள். பாசியின் அடிப்புறத்திற் கரிய மட்கு மண்ணும், கையால் நசுக்கினால் தூளாகும் அழிந்த மரத்துணுக்கும் ஒட்டியிருந்தன. தோல்போற் கனத்து, கீழ்ப்புறம் துருநிறப் பஞ்சு படிந்த இலைத்துண்டு ஒன்றைத் தேடியெடுத்த நண்பர், அது காட்டுப்பூவரசு என்றார். உயர்மலையிலன்றி அது வளராது. கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய பெரணியொன்றின் சிறு தழையும் பாசியோடு பின்னிக் கிடந்தது. அதன் தழை ஓர் உயிரணுவின் கனமே உடையதாகலின், ஈரம் நீங்காத காற்றில் அன்றி வாழாது. தைலமரத்தின் இலையோ பைன் மரத்தின் ஊசியோ ஒன்றும் இல்லை. ஆகவே, நட்டு வளர்த்த தோப்பன்று. உயர்மலையில், சோலையின் ஓரத்தில், ஓடைக்கு அருகில், அழிந்த மரம் கிடக்குமிடம். திணைநூல் பயின்றார்க்கு இது புதிய முறையன்று. கருப்பொருளைக் கொண்டு நிலத்தைத் துணிதல் எம் வகுப்பில் வாரந்தோறும் நடப்பதே. நற்றிணைக்குச் செய்ததை ஒரு சாக்குக்குச் செய்தோம்.

தைத் திங்களின் பிற்பகுதியில், தாவரவியல் ஆசிரியர் வனத்துறையின் இசைவு பெற்று மாணவர் சிலரைக் கொடைக்கானலுக்கு அழைத்துச் சென்றார். எம்மையும் உடன்வர விடுத்தார். வத்தலக்குண்டிலிருந்து மலையேறிய வழியை விரித்துரைக்க வேண்டா. அதனை எழுதாத கல்லூரி மலர் இல்லை. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தது. காலையில் வெளிப்புல்லின்மேல் உறைபனி உப்புத் தூவினாற்போற் கிடந்தது. புல்வெளியினின்று சோலைக்குள் பத்தடி வைத்தவுடன் பனியும் இல்லை, காற்றும் இல்லை. மட்கிய இலையின் மணமும் நீரொழுகும் ஓசையுமே இருந்தன. மலைமடிப்புக்களில், நீரோடும் வழியை ஒட்டி, குறுகிய தண்டும் அடர்ந்த முடியுமாய் நெருங்கி நிற்கும் என்றும் பசிய மரக்கூட்டமே சோலை. அதனைச் சூழ்ந்தது புல்வெளி. இவ்விரண்டும் கலந்து கிடப்பதே இம்மலைகளின் பழைய தோற்றம். 20ஆம் நூற்றாண்டிற் புல்வெளியின் பெரும்பகுதி சீகைமரத்துக்கும் தைலமரத்துக்கும் பைனுக்கும் இரையாயிற்று. 2013இல் இக்காடுகளின் பெரும்பகுதி கொடைக்கானல் வனவிலங்குக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இசைவின்றி அங்கு ஒரு தழையைப் பறித்து எடுத்துச் செல்லலும் குற்றமாகும்.

செண்பகனூர்ப் பக்கமும் பாம்பார்ச் சோலைப் பக்கமும் பார்த்த பின்னர், யாம் தேடிய சோலைக்கு மறுநாள் சென்றோம். அதன் பெயரை ஈண்டு எழுதாமை வேண்டுமென்றே செய்ததாகும். எம் மலரைச் சந்தையிலும் யாரேனும் படிக்கக் கூடும்.

மேனாட்டார் காட்டில் வழி தவறினால் மரத்தின் எப்புறம் பாசி உள்ளதோ அப்புறம் வடக்கு என்று துணிவராம். அந்நாட்டுக் கதிரவன் என்றும் தெற்கே சாய்ந்து செல்லுதலால் வடபுறம் நிழலும் ஈரமும் உடையதாகும். இம்மலையோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகையில் உள்ளது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு இறுதி வரை நண்பகற் சூரியன் எமக்கு வடக்கே நிற்கின்றது. எனவே அத்துணிபை நம்பி இங்கு நடப்பவர் வீடு சேரார். இங்குப் பாசி காட்டுவது திசையையன்று, நீரை. மஞ்சு எப்புறத்தினின்று ஏறி வருகின்றதோ, ஓடையின் ஆவி எப்புறம் படிகின்றதோ, அப்புறமே பாசி தடித்திருந்தது.

ஒரே சோலைக்குள்ளும் ஒவ்வொரு பாசிக்கும் ஒவ்வோர் இருக்கை உண்டு. கிளைகளினின்று தாடிபோல் தொங்குவன வேறு. அவை காற்றில் வரும் மஞ்சையே பருகுவன. மரத்தினடியில் வெண்பசுமை நிறத்தில் திண்டுபோல் உருண்டிருப்பது லூக்கோபிரியம். அதன் இலையிலுள்ள வெற்றறைகள் நீரைச் சேமித்து வைப்பன. உலர்ந்தபோது அவை காற்றால் நிரம்புதலின் வெளுத்துத் தோன்றும். எமது துயிடியம் இவற்றிடையே எங்கும் இல்லை. ஓடையின் நடுவில் நீர் மோதும் கல்லிலும் இல்லை. வெயில் விழும் பாதையோரத்திலும் இல்லை. ஓடைக்கு நான்கைந்து அடி மேலே, சாய்வான கரையில், விழுந்து அழிந்த மரத்தையும் அதனைச் சூழ்ந்த மண்ணையும் வேர்களையும் ஒருசேரப் போர்த்து, இறகின்மேல் இறகாய் அடுக்கிக் கிடந்தது. மேலே கவிந்திருந்தது காட்டுப்பூவரசு. அதன் துருநிற இலைகள் பாசியின்மேல் உதிர்ந்து கிடந்தன. மெல்லிய கண்ணாடிப்பெரணியும் அங்கேயே இருந்தது. சாக்கு கூறியவை அனைத்தும் மெய்.

அக்கரையில் அமர்ந்திருந்தபொழுது ஆசிரியர் ஃபொரோ அடிகளைக் குறித்துக் கூறினார். பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குருவாகிய அவர், செண்பகனூரில் இருந்துகொண்டு இம்மலைகளின் பாசிகளைத் திரட்டினார். அவர் திரட்டியவை கடல் கடந்து இங்கிலாந்தில் டிக்சனுக்கும் பிரான்சிற் போத்தியே தெ லா வார்டுக்கும் சென்றன. பழனிமலைப் பாசிகளைப் பற்றிய அவருடைய தொகுப்பு 1961இற் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. பாசியுறையின்மேற் பெயரைக் காட்டிலும் முன்னதாக எழுதவேண்டியது இடமும் உயரமும் பற்றிய பொருளுமே என்று ஆசிரியர் வற்புறுத்தினார். மண்ணா, கல்லா, மரப்பட்டையா, அழிந்த மரமா என்னும் குறிப்பு இல்லாத உறை, முகவரி இல்லாத கடிதம் என்றார்.

எம்முடன் வந்த வனக்காவலர் முதியவர். எமது பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்துச் சிறிது நேரம் மகிழ்ந்தபின், “இதைப் பார்க்கத்தானே வந்தீர்கள், இன்னும் சிறிது மேலே வாருங்கள்” என்று அழைத்துச் சென்றார். அங்கே கரை வெறுமையாய்க் கிடந்தது. கயிறு கொண்டு அளந்தோம்: நீளம் 14 அடி, அகலம் 5 அடி. கம்பளத்தைச் சுருட்டினாற்போலப் பாசியைச் சுருட்டி எடுத்திருந்தனர். துயிடியம் பக்கவாட்டிற் பின்னிக்கொண்டு படர்வதாகலின் ஓர் ஓரத்தைத் தூக்கினால் முழுதும் எழுந்துவிடும். குடிலுக்கு அது விரும்பப்படுவதும் அதனாலேதான். திண்டுபோல் வளரும் பாசியை எடுப்பின் உதிரும், யாரும் வாங்கார். டிசம்பர் பிறந்தால் இருளில் ஆட்கள் வருகின்றனர் என்றும், தாம் இருவர் இவ்வளவு காட்டுக்குக் காவல் என்றும் முதியவர் கூறினார். அவர் எம் கழுத்திற் கிடந்த சிலுவையைப் பார்த்தார்; ஒன்றும் கூறவில்லை.

பாசியுள்ள கரையில் விரலை ஊன்றினால் நீர் சுரந்து விரலைச் சூழ்ந்தது. வெறுங்கரையில் மண் காய்ந்து வெடித்திருந்தது. மழைநீர் கிழித்த கோடுகள் ஓடைவரை சென்றன. பாசியுள்ள இடத்தில் அதனூடே சோலைமரக் கன்றுகள் ஈரிலையும் நாலிலையுமாய் நின்றன. யாம் ஒரு சதுர அடியில் ஒன்பது எண்ணினோம். வெறுங்கரையில் அவ்வகைக் கன்று ஒன்றும் இல்லை. இறகுபோன்ற இலையுடன் இருபதுக்கு மேற்பட்ட நாற்றுக்கள் நிமிர்ந்து நின்றன. அவை சீகைமரம். மேட்டிலுள்ள தோப்பிலிருந்து வந்த விதைகள் திறந்த மண்ணை எதிர்பார்த்து நெடுங்காலம் உறங்கிக் கிடப்பனவாம். ஆசிரியரின் சொற்படி அந்நாற்றுக்களை எல்லாம் வேரொடு பிடுங்கினோம். அரைமணி நேரத்து வேலை. இசைவில் அதற்கும் இடமிருந்தது.

பாசி மீண்டு வருமா என்று வினவினோம். துயிடியத்தில் ஆண் வேறு, பெண் வேறு. இரண்டும் அருகிருந்து, இடையே நீர்ப்படலமும் இருந்தாலன்றிக் கருவுறாது. ஆகலின் நுண்டுகள் அடங்கிய காயைக் காண்டல் அரிது. அன்று முழுதும் தேடியும் யாம் ஒன்றும் கண்டிலோம். ஆனால் ஒடிந்த துண்டு ஈரமண்ணிற் பட்டால் மீண்டும் வளரும். வெறுங்கரையின் மேலோரத்தில், எஞ்சிய பாசியின் விளிம்பினின்று இளம்பச்சை நுனிகள் கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தன. அளவுகோல் வைத்துப் பார்த்ததில் நீண்டது ஒன்றரை சென்டிமீட்டர். திருநாளுக்கு முன் எடுத்தது. ஏழு வாரம் ஆகியிருக்கலாம். 5 அடி அகலத்தை அது எப்பொழுது கடக்கும் என்று நண்பர் கணக்கிடத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்.

விரல் நீளத்துத் துண்டு ஒன்றை மட்டும் இசைவுப்படி எடுத்துக்கொண்டு திரும்பினோம். உறையின்மேல் எழுதும் பொழுது ஒரு வழக்கு எழுந்தது. இடம், உயரம், நிழல், பற்றிய பொருள், நாள், இலத்தீனப் பெயர் அனைத்தும் எழுதியபின் ‘நாட்டுப்பெயர்’ என்னும் கட்டம் எஞ்சியது. நண்பர் எம்மைத் தமிழாக்கித் தரும்படி கேட்டார். தோணியிலைப் பாசி என்றோ, இறகுப்பாசி என்றோ ஆக்குதல் எளிது. இறகுப்பாசி என்பது எமக்கே பிடித்தமாயிருந்தது. ஆயினும் அக்கட்டம் கேட்பது புலவர் ஆக்கும் பெயரையன்று, மக்கள் வழங்கும் பெயரை. வனக்காவலரைக் கேட்டிருந்தோம், அவர் பாசி என்றே கூறினார். மக்கள் வாயில் இதற்கென்று வழங்கும் தனிப்பெயராக யாம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அது சந்தையில் மூதாட்டி கூறியது. நண்பருக்கு அதனை எழுத மனமில்லை. விலைக்காக எழுந்த பெயர், நாலைந்து வார வழக்கு, அதனைத் தாவரச்சாலையில் நிலைபெறச் செய்தல் தகாது என்றார். வழங்கும் சொல்லைத் தனக்கு உவப்பில்லை என்று விடுபவன் அகராதி எழுதத் தகுதியுடையவனல்லன் என்று யாம் கூறினோம். அரைநாட் பேச்சுக்குப்பின் இருவரும் ஒருப்பட்டு, அக்கட்டத்தில் ‘குடிற்பாசி, சந்தை வழக்கு, டிசம்பர்த் திங்கள்’ என்று எழுதினோம். அதன்கீழ் ஆசிரியர் தம் கையாலேயே, ‘எடுக்கப்பட்ட கரை 14 அடிக்கு 5 அடி, விளிம்பின் வளர்ச்சி ஒன்றரை சென்டிமீட்டர், அடுத்த தையில் மீண்டும் அளக்க’ என்று சேர்த்தார். உறை இப்பொழுது தாவரவியற் சாலையின் மூன்றாம் பேழையில் உள்ளது.